பெருக்கல் குறி போட்ட கதவு

கோபக்காரியின் பணி வரலாற்றை எழுதிய எழுத்தர் எடுத்த எடுப்பிலேயே பொய் சொல்லிவிடவில்லை. நாற்பத்தொன்றாம் பக்கம் வரை பொறுத்திருந்தார். அதற்கு முந்தைய நாற்பது பக்கமும் கிட்டத்தட்ட உள்ளபடிதான் இருந்தது. கொஞ்சம் பூசி மெழுகியிருந்தார், அவ்வளவுதான். கடற்படையில் சம்பளம் வாங்குகிறவர் அந்த அளவுக்குக்கூடப் பூசவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்த நாசகாரிப் போர்க்கப்பலுக்குக் காகிதத்தில் வேறு பெயர் உண்டு. கப்பலில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர் வாயிலும் அது வந்ததில்லை. சோதனை ஓட்டத்தின் மூன்றாம் நாள், யாரும் உத்தரவு போடாமலேயே முன் பீரங்கி வெடித்து, பக்கத்தில் நின்ற எண்ணெய்க் கப்பலின் கொடிமரத்தை முறித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவள் கோபக்காரி. எழுத்தர் இதை ‘ஆரம்பகால இயந்திரக் கோளாறு’ என்று எழுதியிருந்தார். இரண்டாம் ஆண்டில் துறைமுகச் சுவரில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டது ‘இலேசான உரசல்’. ஐந்தாம் ஆண்டுப் புயலில் அடுப்பு பிய்த்துக்கொண்டு வந்து சமையல்காரரின் இரண்டு விலா எலும்பை முறித்தது ‘சிறு பொருட்சேதம்’. சமையல்காரரைப் பொருள் கணக்கில் சேர்த்துவிட்டார் மனிதர். போகட்டும்.

இருபத்து நான்கு ஆண்டு ஓடிய கப்பலை இப்போது உடைத்துப் போட விற்றுவிட்டார்கள். வழியனுப்பு விழாவில் கொடுப்பதற்குத்தான் இந்தப் புத்தகம். எழுத்தர் தட்டச்சு செய்த தாள்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு துறைமுகப் பம்புப் பட்டறைக்கு வந்தார். அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் குழாய்க்காரர். கோபக்காரியில் பன்னிரண்டு வருஷம் சேதத் தடுப்புப் பிரிவின் தலைவராக இருந்தவர். பம்பு, குழாய், வால்வு, கதவு எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பட்டப்பெயர் கரைக்கு வந்தும் அவரை விடவில்லை.

“நாப்பத்தொண்ணாம் பக்கத்துல, நேர்ல பார்த்தவங்க ஒருத்தர் கையெழுத்து வேணும் சார். உங்களை விட்டா ஆளில்ல” என்றார் எழுத்தர். “வியாழக்கிழமை அச்சுக்குப் போகுது.”

குழாய்க்காரர் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தார். ‘காலை ஒன்பது நாற்பதுக்கு எதிரியின் குண்டு கப்பலின் முன்பக்கத்தைத் தாக்கியதில் ஒன்பது வீரர்கள் அந்த இடத்திலேயே உயிர் துறந்தனர். முன் குண்டறையில் உயிரோடு ஆளில்லை என்பதை உறுதி செய்துகொண்ட சேதத் தடுப்புத் தலைவர், சற்றும் பதறாமல் அதை நீரால் நிரப்பிக் கப்பலைக் காப்பாற்றினார்.’ இதில் நேரம் சரி. எண்ணிக்கை சரி. கப்பல் தப்பியதும் சரி. மற்றதெல்லாம் பொய், அந்தப் பொய்யை எழுத்தருக்குக் கொடுத்தவரும் குழாய்க்காரரேதான். பதிமூன்று வருஷத்துக்கு முன்பு விசாரணையில் வாயால் சொன்னார். இப்போது அதே பொய்க்குக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

செத்த ஒன்பது பேரில் ஒருவர் அவருடைய தங்கையின் கணவர். குழாய்க்காரருக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. உலகத்தில் உறவு முறையில் அவரை ‘அண்ணே’ என்று கூப்பிட ஒரே ஒரு ஆள் தங்கை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவள் வீட்டில்தான். கையெழுத்துப் போட்டால் அந்தப் பொய் காலத்துக்கும் நிற்கும். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், உண்மையைச் சொல்ல வேண்டி வரும், தங்கை போய்விடுவாள்.

அது இருக்கட்டும். நடந்தது இதுதான்.

தங்கையின் கணவர் முன் குண்டறையின் தலைவர். மூன்றாம் தளத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, பீரங்கிக்கு வேண்டிய குண்டும் மருந்தும் அடுக்கி வைத்த இரும்பு அறை அது. குழாய்க்காரர் அவரை ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிடப் போய், கப்பல் முழுக்க அவர் மாப்பிள்ளையாகிவிட்டார். கேப்டனே ஒருமுறை ஒலிபெருக்கியில் “மாப்பிள்ளை உடனே மேல்தளத்துக்கு வரவும்” என்று சொல்லிவிட்டு இருமி மழுப்பினார். அதிகம் பேசாத ஆள். ஆனால் பிடித்தால் பிடித்ததுதான், உடும்புப் பிடி.

குண்டறைப் பக்கம் தீப்பிடித்தால் அறையைத் தண்ணீரால் நிரப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து சூடேறி வெடித்துக் கப்பல் இரண்டு துண்டாகும். ஆகவே ஒரு முறை வைத்திருந்தார்கள். அறையிலிருந்து வெளியேறுகிற கடைசி ஆள் கதவில் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். குறி இருந்தால் உள்ளே ஆளில்லை என்று அர்த்தம். சேதத் தடுப்புக்காரர் கதவின் கவ்விகளை இறுக்கிவிட்டு வெளியே உள்ள வால்வைத் திறக்கலாம். குறி இல்லாவிட்டால் கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி, குரல் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். அதற்கு ஒரு பத்து விநாடி பிடிக்கும்.

அந்தப் பத்து விநாடிதான் குழாய்க்காரரின் கண்ணை உறுத்தியது. வருஷத்துக்கு ஒருமுறை சேதத் தடுப்புப் போட்டி நடக்கும். அதிகாரிகள் மேல்தளத்தில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மூன்றாம் தளத்துக்கு எவரும் இறங்க மாட்டார்கள், வெள்ளைச் சட்டை அழுக்காகிவிடும். இரண்டு வருஷம் தொடர்ந்து கோபக்காரி தோற்றாள். மூன்றாம் வருஷம் குழாய்க்காரர் ஒரு யோசனை சொன்னார். பயிற்சி நாளன்று காலையிலேயே எல்லாக் கதவிலும் குறியைப் போட்டு வைத்துவிட்டால் என்ன? ஆள் வெளியே வருவதும் கதவு மூடுவதும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். யார் குடி முழுகிப் போகப் போகிறது?

தொடர்ந்து மூன்று வருஷம் கோப்பை கோபக்காரிக்குத்தான். தொண்ணூற்றிரண்டு விநாடி, அந்தப் படையில் யாரும் நெருங்காத நேரம். புத்தகத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில் கோப்பையோடு குழாய்க்காரரும் மாப்பிள்ளையும் இளித்துக்கொண்டு நிற்கிற படம்கூட இருக்கிறது.

சண்டை தொடங்கி ஆறாம் நாள். அன்று பத்து மணிக்குப் பயிற்சி என்று பலகையில் எழுதியிருந்ததைக் கேப்டன் அழிக்கச் சொல்லவில்லை, சண்டைக் காலத்தில்தான் பயிற்சி வேண்டும் என்பது அவர் கட்சி. ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வழக்கம்போலக் குண்டறைக் கதவில் குறியைப் போட்டுவிட்டு, எட்டுப் பேரோடு உள்ளே வேலைக்குப் போனார். ஒன்பது இருபதுக்கு அபாயச் சங்கு ஊதியது. பயிற்சிச் சங்கு அல்ல, நிஜச் சங்கு. எதிரிக் கப்பல்கள் இரண்டு, பதினாறு கிலோமீட்டரில். குண்டறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு குண்டுகளை மேலே ஏற்றத் தொடங்கினார்கள். சாக்பீஸ் குறியைப் பற்றி அந்த நேரத்தில் எவனுக்கு ஞாபகம் வரும்?

முதல் குண்டுகள் தண்ணீரில் விழுந்தன. அடுத்தது கேப்டன் நின்ற மேடையின் இடப்பக்கத்தைக் கொண்டு போனது. விளக்கால் செய்தி அனுப்புகிறவரின் உடம்பு விளக்கைப் பிடித்தபடியே நின்றது, தலையைக் காணோம். பக்கத்தில் நின்ற வழிகாட்டி அதிகாரி தன் குடலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்து, யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபக்காரியும் சும்மா இல்லை. முன் பீரங்கி நிமிஷத்துக்குப் பதினாறு முறை உறுமியது. எதிரிக் கப்பல் ஒன்றின் புகைபோக்கி சரிந்ததைப் பார்த்து மேல்தளத்தில் ஆட்கள் கத்தினார்கள். கத்திக்கொண்டிருந்தவர்கள் மேலேயே அடுத்த குண்டு விழுந்தது. ஏழு பேர் நின்ற இடத்தில் பூட்ஸ்கள்தான் இருந்தன, சிலவற்றுக்குள் காலும் இருந்தது.

ஒன்பது நாற்பதுக்கு வந்தது மூன்றாவது அடி. அது முன்பக்கத் தகட்டைத் துளைத்து, இரண்டு தளம் இறங்கி, பெயிண்டு வைக்கும் அறையில் வெடித்தது. பெயிண்டு அறைக்கும் குண்டறைக்கும் நடுவே ஒரே ஒரு இரும்புச் சுவர்.

குழாய்க்காரர் இரண்டு உதவியாட்களோடு ஓடினார். விளக்குகள் செத்துவிட்டன. ஏணியில் இறங்கும்போது முன்னால் போனவருடைய முகத்துக்கு நேரே ஒரு நீராவிக் குழாய் பிய்ந்தது. அவர் ஒரு சத்தமும் போடவில்லை. போட வாயே இல்லை. உரித்த தோல் கழுத்தில் தொங்க, அவர் ஏணியிலேயே சரிந்தார். குழாய்க்காரர் அவரை மிதித்துக்கொண்டுதான் இறங்க வேண்டியிருந்தது. இறங்கினார். பின்னால் வந்தவர் நடைவழியில் ஒரு தகட்டுச் சில்லை வயிற்றில் வாங்கி அப்படியே உட்கார்ந்துகொண்டு, “நீங்க போங்கண்ணே, நான் வர்றேன்” என்றார். அவர் வரவில்லை.

பெயிண்டு அறையிலிருந்து தீ நடைவழிக்கு வந்துவிட்டது. குண்டறைச் சுவரில் பூசியிருந்த வர்ணம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி வெடித்தது. உள்ளே மருந்து வெடிக்க இன்னும் மூன்று நிமிஷம், மிஞ்சினால் நான்கு. குழாய்க்காரர் கைவிளக்கைக் கதவின்மேல் அடித்தார். பெருக்கல் குறி, வெள்ளை வெளேரென்று.

கை தானாகவே வேலை செய்தது. மூன்று வருஷம் கோப்பை வாங்கிய கை. எட்டுக் கவ்விகளையும் சுத்தியலால் அடித்து இறுக்கினார். வால்வின் சக்கரத்தைச் சுற்றினார். கடல் உள்ளே பாய்கிற இரைச்சல் கேட்டது. சுவரில் தொங்கிய தொலைபேசியை எடுத்து, “முன் குண்டறை காலி. தண்ணி போகுது” என்றார். மறுமுனையில் கேப்டன், “சபாஷ்டா குழாய்” என்றார்.

தொலைபேசியை மாட்டும்போது தட்டுகிற சத்தம் கேட்டது.

முதலில் ஒரு தட்டு. பிறகு பல கைகள். பிறகு இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம். குழாய்க்காரர் அந்தக் கதவைப் பார்த்தார், குறியைப் பார்த்தார், காலையில் அது எப்போது போட்ட குறி என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கவ்வியைத் தளர்த்தினால் உள்ளிருக்கிற தண்ணீர் நடைவழியில் கொட்டும், அறை வற்றும், சுவர் பழுக்கும், கப்பல் போகும். தளர்த்தாவிட்டால் ஒன்பது பேர். அதில் ஒருவர் மாப்பிள்ளை. அவர் என்ன முடிவெடுத்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு முடிவும் எடுக்கவில்லை. நின்றார். கால் நகரவில்லை, கை எழவில்லை. விசாரணைத் தாளில் இதற்குத்தான் ‘சற்றும் பதறாமல்’ என்று எழுதினார்கள்.

நின்றபோது ஒரே ஒரு நினைப்பு இருந்தது. அந்தக் குழாயில் உள்ளேயும் ஒரு வால்வு உண்டு, பழுது பார்க்கும்போது அடைப்பதற்கு. உள்ளே இருக்கிறவர்கள் அதை மூடினால் தண்ணீர் நின்றுவிடும். ‘மூடுங்கடா, மூடித் தொலைங்கடா’ என்று முனகிக்கொண்டே நீர்மட்ட முள்ளைப் பார்த்தார். முள் ஏறிக்கொண்டே இருந்தது. நான்கு நிமிஷம் தட்டினார்கள். கடைசி ஒரு நிமிஷம் ஒரே ஒருவர் மட்டும் தட்டினார். பிறகு கொப்புளம் கிளம்பிய சுவர் ஈரமாக வியர்த்துப் புகைந்து அடங்கியது. கோபக்காரி பிழைத்துக்கொண்டாள். இன்னும் பதிமூன்று வருஷம் ஓடப்போகிற கப்பல் அது.

மூன்றாம் நாள் துறைமுகத்தில் தண்ணீரை இறைத்தார்கள். “சொந்தக்காரர் இருக்காரு, நான் முதல்ல போறேன்” என்று குழாய்க்காரர் கேட்டார், விட்டார்கள். கவ்விகளைக் கழற்றி உள்ளே போனார்.

கதவருகே ஆறு பேர் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். குண்டுகளை மேலே ஏற்றுகிற சங்கிலியை இயக்குபவர், ராட்டினம் என்று கூப்பிடுவார்கள், அவர் எல்லோருக்கும் மேலே கிடந்தார். கையில் பெரிய ஸ்பேனர். விரல் நகம் ஒன்றுகூட இல்லை, முட்டித் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. கதவின் உட்புறம் ஸ்பேனர் பட்ட பள்ளங்கள் நிறைய. உள்வால்வின் பக்கம் மூன்று பேர். இரண்டு பேர் கைகள் இன்னும் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்திருந்தன. மாப்பிள்ளை வால்வின் சக்கரத்துக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய முகம் முகமாக இல்லை. தாடை ஒரு பக்கம் தொங்கியது. மண்டையில் ஸ்பேனர் அளவுக்கு ஒரு பிளவு. வலது கை விரல்கள் மூன்று பின்பக்கமாக ஒடிந்திருந்தன.

குழாய்க்காரர் அவரை நகர்த்தியபோதுதான் பார்த்தார். சக்கரம் திறந்த நிலையில், பக்கத்துக் குழாயோடு சேர்த்து, ஒரு இடுப்பு பெல்ட்டால் நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. மாப்பிள்ளையின் பெல்ட். மூட வந்தவர்கள் அடித்தார்கள், உதைத்தார்கள், விரலை ஒடித்தார்கள், அவர் எழுந்திருக்கவில்லை. சுவர் சூடேறுவது அவருக்கு உள்ளேயிருந்தே தெரிந்திருக்கும். வெளியே குழாய்க்காரர் கை கால் ஓடாமல் நின்ற அதே நான்கு நிமிஷம், உள்ளே கப்பலைப் பிடித்து வைத்திருந்தவர் அவர்.

குழாய்க்காரர் உட்கார்ந்து அழுதார். பிறகு ஒரு காரியம் செய்தார். பெல்ட்டை அவிழ்த்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். பெல்ட்டைக் காட்டினால், ஏன் ஆட்கள் உள்ளே இருக்கும்போது தண்ணீர் விட்டாய் என்று கேட்பார்கள். குறி வெளியே வரும். மூன்று கோப்பையும் வெளியே வரும். பயம், வேறென்ன? கேவலமான பயம். தண்ணீர் விடும் முன்பே ஆட்கள் இறந்துவிட்டதாக, குண்டின் அதிர்ச்சியிலேயே போய்விட்டதாக விசாரணையில் சொன்னார். பெல்ட்டைக் கடலில் எறிந்தார். ஐந்து மாதம் கழித்து அவருக்குப் பதக்கம் குத்தினார்கள்.

குண்டறையில் செத்த ஒன்பது பேரின் குடும்பத்துக்கும் கடற்படை ஒரே தெருவில் ஒன்பது வீடு கட்டிக் கொடுத்தது. பம்புப் பட்டறைக்குப் பின்னால்தான். முதல் வீடு தங்கையுடையது. தையல் மெஷின் வைத்து மாலுமிகளின் சட்டைக் காலர் தைப்பாள். மற்ற எட்டு வீட்டுக்காரிகளும் அவளுக்கு உடன்பிறப்பு மாதிரி. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் எட்டு வீட்டிலிருந்தும் கஞ்சி போகும். ஒன்பது பேருடைய புருஷன் பிள்ளைகளும் ஒரே நொடியில், வலி தெரியாமல் போனார்கள் என்பதுதான் அந்தத் தெருவின் ஆறுதல். அந்த ஆறுதலைத் தைத்துக் கொடுத்தவர் குழாய்க்காரர்.

புதன்கிழமை பகலில் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் மெஷினில் இருந்தாள்.

“என்னண்ணே, வேலை நாள்ல வந்திருக்க? ஒடம்புக்கு முடியலயா?”

“அவரு குண்டு விழுந்து சாகலம்மா.”

மெஷின் நின்றது. “யாரு?”

“மாப்ளதான். ஒம்போது பேரும் உயிரோட இருந்தாங்க. நான்தான் தண்ணியத் தொறந்துவிட்டேன்.”

அவள் அவரையே பார்த்தாள். குரல் உயரவில்லை. “தெரிஞ்சா தொறந்த?”

“இல்ல. கதவுல குறி இருந்துச்சு. காலின்னு நெனச்சேன். போட்டிக்காக முன்கூட்டியே குறி போடச் சொன்னதும் நான்தான்.”

“அப்புறம் எப்பத் தெரிஞ்சுது?”

“தட்டினாங்க.”

“தட்டினதும் என்ன பண்ண?”

“நின்னேன்.”

“எவ்வளவு நேரம்?”

“நாலு நிமிஷம்.”

துணி அளக்கிற மரக்கோல் மெஷின்மேல் கிடந்தது. அவள் அதை எடுத்து அவர் முகத்தில் அடித்தாள். காதோரம் கிழிந்தது. தோளில் அடித்தாள், தலையில் அடித்தாள், கோல் முறிந்ததும் முறிந்த துண்டால் அடித்தாள். அவர் கையைத் தூக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அவள் நின்றபோது, “இன்னும் இருக்கு” என்றார். பெல்ட்டைப் பற்றியும் உள்வால்வைப் பற்றியும் சொன்னார். ஒடிந்த விரல்களைப் பற்றியும் சிதைந்த முகத்தைப் பற்றியும் சொன்னார். அடித்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப கப்பலக் காப்பாத்தினது அவரு” என்றாள்.

“அவருதான்.”

“அந்தப் பதக்கம்?”

“அவரோடது.”

“பதிமூணு வருஷமா அதை உன் வீட்டுச் சுவத்துல மாட்டி வச்சிருக்க. நான் வந்து தொடச்சு வச்சிருக்கேன்.” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேறு ஒன்று உறைத்ததுபோல நிமிர்ந்தாள். “மத்தவங்க மூட வந்தாங்க. அவரு விடல.”

“விடல.”

“அப்ப அந்த எட்டு பேரையும் அவருதான்…” ஜன்னலுக்கு வெளியே இரண்டாம் வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்துக் கையசைத்தாள்.

குழாய்க்காரர் மெதுவாகச் சொன்னார். “வேணும்னா அத மட்டும் விட்டுடலாம்மா. குறி என் தப்பு, தண்ணி நான் தொறந்தேன்னு எழுதிக் குடுத்துடறேன். வால்வைப் பத்திச் சொல்ல வேணாம். பெல்ட்டும் இல்ல, சாட்சியும் இல்ல.”

“அதை விட்டா அவரு சும்மா உக்காந்து மூழ்கினதா ஆயிடும். சொன்னா எட்டு வீட்ல கொலகாரரு. ரெண்டுல எதுன்னு நீ சொல்லாத. எனக்காக ஒரு தடவ நீ முடிவெடுத்தது போதும்.” அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். “நட. எட்டு வீட்டுக்கும். உன் பங்க நீ சொல்லு, அவரு பங்க நான் சொல்றேன்.”

புத்தகத்தின் கதையை இங்கேயே முடித்துவிடலாம். மறுநாள் குழாய்க்காரர் கையெழுத்துக்குப் பதிலாக ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தார். எழுத்தர் படித்துவிட்டு வியர்த்துப்போய், நாற்பத்தொன்றாம் பக்கத்தில் சூரியன் மறைகிற படம் ஒன்றைப் போட்டு அடைத்துவிட்டார். அவர்கள் வரலாறு எழுதுகிற லட்சணம் அதுதான். இனி அந்தத் தெரு.

இரண்டாம் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஈரத் துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். மூன்றாம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான்காம் வீட்டில் இறந்தவருடைய தம்பி, சரக்குத் தூக்கும் தொழிலாளி, குழாய்க்காரரைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டு மிதித்தார். முன்பல் இரண்டு போயின. தங்கை தடுக்கவில்லை. அவர் எழுந்து நிற்கிற வரை காத்திருந்துவிட்டு ஐந்தாம் வீட்டுக்கு நடந்தாள். ஐந்தாம் வீட்டுக்காரி, நேற்றுவரை ‘அக்கா அக்கா’ என்று உயிரை விட்டவள், தங்கையின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். “உன் புருஷன் வீரனாக என் புருஷன்தான் கெடச்சாரா?” என்று கேட்டாள். தங்கையின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. முந்தானையால் அழுத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். ஆறாம் வீட்டில் ஒரு செம்பு பறந்து வந்தது. ஏழிலும் எட்டிலும் இருந்தவர்கள் முன்பே சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள், இன்னொருத்தி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒன்பதாம் வீடு ராட்டினத்தின் அம்மாவுடையது. எழுபது வயதுக்காரி, கதவைத் திறந்து வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“தெரு பூரா கேட்டுட்டுதான் இருக்கேன். எனக்குச் சொல்ல வேண்டியதச் சுருக்கமா சொல்லுங்க” என்றாள்.

இருவரும் சொன்னார்கள். கிழவி குழாய்க்காரரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “நீதான முதல்ல உள்ள போன. என் பிள்ளை எந்தப் பக்கம் கெடந்தான்? தட்டினவங்க பக்கமா, கட்டினவரு பக்கமா?”

பொய் சொல்வது எளிது. தங்கை பக்கத்தில்தான் நின்றாள், அவளுக்கும் இது தெரியாது. குழாய்க்காரர் வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கினார்.

“தட்டினவங்க பக்கம். கடைசி வரைக்கும் தட்டினது உங்க பிள்ளைதான்னு நெனக்கிறேன். கையில நகமே இல்ல. அதுக்கு முன்னாடி வால்வை மூடப் போயிருக்கான். ஸ்பேனர் அவன் கையிலதான் இருந்துச்சு. மாப்ள மண்டையில விழுந்த அடி அந்த ஸ்பேனரோடது.”

தங்கையின் கை உதட்டிலிருந்து கீழே இறங்கியது. கிழவியும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் யார்மேல் கோபப்பட வேண்டும் என்பது இருவருக்குமே தெரியவில்லை.

“சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்” என்றாள் கிழவி. “எதையும் லேசுல விட மாட்டான்.”

“இவரும் விட மாட்டாரு” என்றாள் தங்கை.

“அடி பலமா?”

“முகமே இல்லயாம்மா.”

கிழவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தங்கையின் கிழிந்த உதட்டைக் கிட்டத்தில் பார்த்தாள். “உள்ள வா. முதல்ல அந்த ரத்தத்தக் கழுவு” என்று அவள் கையைப் பிடித்தாள். தங்கை உடைந்து அழுதபடி படியேறினாள். குழாய்க்காரரும் பின்னாலேயே ஒரு காலைப் படியில் வைத்தார்.

“நீ வேணாம்” என்றாள் கிழவி. “நீ வெளிய நில்லு. அதுதான உனக்கு வரும்.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமும், இரண்டு பெண்கள் மாறி மாறி அழுகிற சத்தமும் கேட்டன. குழாய்க்காரர் காலைப் படியிலிருந்து எடுத்துக்கொண்டு தெருவில் நின்றார்.